அரைக்கோளத் துணிக்குள் ஒரு பங்குனி நள்ளிரவு

கொங்குப் பக்கம் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். சில வருஷங்களுக்கு முன்னால் எங்கள் முதல்வர் ஒரு கருத்தரங்கிலிருந்து வழவழப்பான விளம்பரப் புத்தகம் ஒன்றோடு திரும்பினார். நான்கு பக்கமும் திரை, நடுவில் கண்ணாடி மாட்டிய மாணவர்கள், அந்தரத்தில் மிதக்கும் ஓர் இதயம். "எல்லா டிபார்ட்மென்டுக்கும் பொதுவா இப்படி ஒரு லேப் போடலாமா சார்?" என்று கேட்டார். விலை கேட்டு எழுதினோம். பதிலில் வந்த தொகையைப் பார்த்ததும் அவர் அந்தப் பேச்சை விட்டுவிட்டார். என்னால்தான் விட முடியவில்லை.

இந்த மாதிரி அறைகளுக்கெல்லாம் மூதாதை 1992இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் சிகாகோ வளாகத்தில் பிறந்தது. கரோலினா குரூஸ்-நெய்ரா, டேனியல் சாண்டின், தாமஸ் டிஃபான்டி மூவரும் சேர்ந்து செய்தார்கள். 'கேவ்' என்று பெயர்; குகை. ஏறக்குறைய 3 மீட்டர் அகல அறை. சுவரிலும் தரையிலும் படம் விழும். உள்ளே நிற்பவரின் தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கணினி கவனித்துக்கொண்டே படத்தை மாற்றும். ஆனால் படம் ஒரே ஒரு தலைக்குத்தான் சரியாக அமையும். கூட நிற்பவர்கள் கொஞ்சம் கோணலாகவே பார்க்க வேண்டும். ஆராய்ச்சிக்கு அது போதும். 60 பேர் வகுப்புக்கு? கண்ணை மூடி மாட்டும் வி.ஆர். ஹெட்செட்டும் அதே கதைதான். தலைக்கு ஒன்று வேண்டும், மாட்டியவர் எதைப் பார்க்கிறார் என்று ஆசிரியருக்கும் தெரியாது.

கோளரங்கத்தில் இந்தத் தொல்லை இல்லை. ஒரு கவிழ்த்த கிண்ணம், ஒரே படம். பக்கத்தில் இருப்பவனை இடித்து "அங்கே பாரு" என்று கை நீட்டலாம். வகுப்பு நடத்துகிறவனுக்கு அந்தக் கை நீட்டல் முக்கியம். கிண்ணம் முழுக்கப் படம் விழவைக்கும் மீன்கண் லென்ஸ்தான் எட்டாத விலை. அதற்கு ஆஸ்திரேலியாவின் பால் போர்க் 20 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு குறுக்கு வழி காட்டியிருக்கிறார். சாதாரண புரொஜெக்டரின் ஒளியைக் குவிமாடத்தின் ஓரத்தில் வைத்த ஒரு கோளக் குவியாடிமேல் அடிக்க வேண்டும். ஆடி அதை மேலேயும் பக்கவாட்டிலும் விரித்துவிடும். ஆடி எப்படியெல்லாம் கோணலாக்குமோ அதற்கு நேர் எதிராகப் படத்தை முன்கூட்டியே கணினியில் கோணலாக்கிவிட்டால், துணியில் விழும்போது நேராகிவிடும். படித்ததும் கை பரபரத்தது.

பூட்டிக்கிடந்த பழைய நூலக வாசிப்பறையைக் கேட்டு வாங்கினேன். உள்ளே உடைந்த பெஞ்சும் விடைத்தாள் மூட்டையும். கூரை உயரம் 4 மீட்டருக்கு மேல். அது ஒன்றுக்காகத்தான் அந்த அறை.

துணி

இரும்புச் சட்டம் போட்டுப் பலகை அடிக்கிற யோசனை செலவு காரணமாக முதல் நாளே போய்விட்டது. காற்றடித்து நிற்கும் துணி டோம் என்று முடிவு செய்தேன். விட்டம் 5 மீட்டர். கீழே 1 மீட்டர் உயரத்துக்கு நேரான சுவர், அதன்மேல் அரைக்கோளம். தரையில் உட்கார்ந்தால் அடிவானம் கிட்டத்தட்டக் கண் மட்டத்துக்கு வரும்.

அரைக்கோளத்தை 16 இதழாகப் பிரித்தேன். ஓர் இதழின் அடி அகலம் 98 செ.மீ., அடியிலிருந்து உச்சிவரை நீளம் 3.93 மீட்டர். அகலம் கொசைன் கணக்கில் குறைந்துகொண்டே போகும்: 30 பாகையில் 85, 45இல் 69, 60இல் 49, 75இல் 25 செ.மீ. ஒவ்வொரு 15 பாகைக்கும் நீளத்தில் 65 செ.மீ. ஏற வேண்டும். இந்த அளவுகளைத் தாளில் எழுதி, சாமியானா தைக்கிற ஓர் அண்ணனிடம் கொடுத்தேன். அவர் தாளைப் பார்க்கவில்லை. அடி அகலம், உயரம் இரண்டை மட்டும் வாய்மொழியாகக் கேட்டுக்கொண்டு, நேர்கோட்டு முக்கோணமாக 16 துண்டு வெட்டிவிட்டார். சேர்த்துத் தைத்ததும் கோவில் திருவிழாவில் ராட்டினக்காரர் போடும் கூடாரம் மாதிரி கூம்பி நின்றது.

"அண்ணா, நடுவுல வயிறு வேணும். வளைஞ்சு போகணும்."

அவர் கொஞ்ச நேரம் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வாழைப்பூ மடல் மாதிரி வெட்டணும்னு மொதல்லயே சொல்லியிருக்கலாமே சார்."

சொல்லியிருக்கலாம். இரண்டாம் தடவை ஒரு இதழை மட்டும் அட்டையில் வரைந்து வெட்டி, அதை வைத்து 16ஐயும் அறுத்தார். உச்சியில் 16 முனையும் ஒரே புள்ளியில் சேர்ந்தால் தையல் முடிச்சாகத் திரண்டுவிடும் என்று அவரே யோசித்து, அங்கே 30 செ.மீ. வட்டத் துண்டு ஒன்றைத் தொப்பி மாதிரி வைத்தார். அது என் கணக்கில் இல்லாதது. டோமிலேயே சுத்தமான இடம் இன்றும் அதுதான்.

துணி, ஜன்னல் திரைக்குப் போடும் ஒளி புகாத வகை. உள்பக்கம் பளிச்சென்ற வெள்ளை. அதில்தான் தவறினேன். ஊதி நிறுத்தி, வெறும் புரொஜெக்டரை வைத்து ஒரு படம் போட்டுப் பார்த்தபோது, ஒரு பக்கம் வெளிச்சம் விழுந்தால் எதிர்ப்பக்கம் பால் ஊற்றியதுபோல வெளுத்தது. தட்டைத் திரை வாங்கிய ஒளியை அறைக்குள் அனுப்பிவிடும். கிண்ணம் அதைத் தனக்குள்ளேயே திருப்பி அடித்துக்கொள்ளும். உண்மையான கோளரங்கங்களில் உட்புறம் சாம்பல் நிறமாக இருப்பது இதனால்தான். சாம்பல் பாதிக்கும் அதிகமான ஒளியை விழுங்கும். நேராக விழும் படம் ஒருமுறைதான் அந்த வரியைக் கட்டுகிறது. சுற்றித் திரும்பி வரும் ஒளி இரண்டுமுறை கட்டுகிறது. படம் கொஞ்சம் மங்கும், ஆனால் கறுப்பு கறுப்பாக இருக்கும்.

தைத்த துணியைப் பிரிக்க மனமில்லை. சுவருக்கு அடிக்கும் சாம்பல் எமல்ஷனைத் தண்ணீராக்கி, கம்ப்ரஸர் துப்பாக்கியால் உள்ளே இரண்டு பூச்சு அடித்தோம். நன்றாகத்தான் வந்தது. காய்ந்தபின் மடித்தால் உதிரும் என்பதை மறந்திருந்தேன். அதனால் "மடித்து எந்தத் துறைக்கும் கொண்டுபோகலாம்" என்று முதல்வரிடம் சொல்லியிருந்ததை அமைதியாகக் கைவிட்டேன். டோம் இறங்கி ஏறுகிற ஒவ்வொரு தடவையும் சாம்பல் துகள் உதிரும். உள்ளிருந்து வரும் பிள்ளைகள் தலையில் விபூதி போட்டதுபோல வருவார்கள்.

ஆடி

முதலில் முயன்றது ஒரு பெரிய எவர்சில்வர் பேசின். கவிழ்த்து வைத்தால் பளபளவென்றுதான் இருந்தது. ஆனால் அது கோளமே இல்லை; அடி தட்டை, ஓரம் வளைவு, கடைசல் வரிகள் வேறு. ஒவ்வொரு நட்சத்திரமும் வால் முளைத்து வந்தது. ஒரு மாலையிலேயே அதைச் சமையல்கட்டுக்குத் திருப்பிவிட்டேன்.

அடுத்தது கடைகளில் மூலையில் தொங்கவிடும் அக்ரிலிக் குவியாடி, 60 செ.மீ. விட்டம். வடிவம் நன்றாக இருந்தது. வானத்தைக் கணினியில் காட்டும் ஸ்டெல்லேரியம் மென்பொருளைப் போட்டேன். வானத்தில் ஒவ்வொரு விண்மீனுக்கும் பக்கத்தில் மங்கலாக ஓர் இரட்டைப் பிள்ளை. புரொஜெக்டரை மாற்றினேன், கேபிளை மாற்றினேன், ஃபோகஸைத் திருகித் திருகி விரல் நோக ஆரம்பித்தது. இரவு ஒன்பது மணிக்கு ஒரு பென்சில் முனையை ஆடியில் வைத்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. பென்சிலுக்கும் அதன் பிம்பத்துக்கும் நடுவில் ஓர் இடைவெளி. வெள்ளிப் பூச்சு பின்பக்கம் இருக்கிறது. ஒளியில் பெரும்பகுதி பின்னால் போய்த் திரும்பினாலும், முன்பக்கப் பிளாஸ்டிக் தன் பங்குக்கு ஒரு 4 சதவீதத்தைத் திருப்பிவிடும். கடையில் திருடனைப் பார்க்க அது பொருட்டில்லை. கறுப்பு வானத்தில் ஒற்றை வெள்ளைப் புள்ளிக்கு அது பெரிய துரோகம்.

முன்பக்கமே பூச வேண்டும். தொலைநோக்கி ஆடிக்காரர்களைத் தேடி அலைந்தால் மாதக்கணக்கு ஆகும். கோயம்புத்தூரில் மோட்டார் உதிரிப் பட்டறை வைத்திருக்கும் பழைய மாணவன் ஒருவன், "சார், ஹெட்லைட் ரிப்ளெக்டருக்கு வேக்குவம் கோட்டிங் போடற எடத்துல குடுத்துப் பாருங்க" என்றான். வெற்றிடத்தில் அலுமினியத்தை ஆவியாக்கிப் படியவைப்பதுதான் இரண்டுக்கும் அடிப்படை. பட்டறைக்காரர் பொம்மையைப் பார்ப்பதுபோல ஆடியைப் பார்த்துவிட்டு, பம்பருக்கு நடுவில் மாட்டி ஒரே நாளில் பூசிக் கொடுத்தார். இரட்டைப் பிள்ளை போன இடம் தெரியவில்லை.

முன்பூச்சு ஆடியை விரலால் தொடக்கூடாது, துணியால் துடைக்கக்கூடாது. இதை எழுதி ஒட்டிய முதல் வாரத்திலேயே அழகான ஒரு கட்டைவிரல் ரேகை விழுந்தது. அது இப்போது வடமேற்கு வானத்தில் ஒரு புகைமூட்டமாக நிரந்தரமாகக் குடியிருக்கிறது.

புரொஜெக்டரைப் பற்றி ஒரு வார்த்தை. பக்கத்திலிருந்தே பெரிய படம் காட்டும் ஷார்ட் த்ரோ வகை இதற்கு ஆகாது. இங்கே வேண்டியது ஆடி அளவுக்குச் சின்னப் படம், அதுவும் கூர்மையாக. லென்ஸைக் கடைசி வரை ஜூம் செய்தால் படம் சுருங்கும் வகையாகப் பார்த்து எடுக்க வேண்டும். அப்போதும் எல்லா இடமும் ஒரே நேரத்தில் ஃபோகஸ் ஆகாது. ஆடிக்கு அருகிலுள்ள துணி எங்கே, 5 மீட்டர் தள்ளியிருக்கும் எதிர்ச்சுவர் எங்கே. பார்ப்பவர்கள் முகம் திரும்பியிருக்கிற பக்கத்தைக் கூர்மையாக்கிவிட்டு, முதுகுப்பக்கத்தைக் கொஞ்சம் மழுங்கவிட்டேன்.

ஸ்டெல்லேரியத்தில் கோள ஆடிக்கென்றே ஒரு தேர்வு உண்டு. டோம் ஆரம், ஆடி ஆரம், புரொஜெக்டர் எங்கே, ஆடி எங்கே என்பதையெல்லாம் அமைப்புக் கோப்பில் எழுதினால் மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும். மற்ற படங்களுக்கு ஒரு வலைக்கோப்பு தயாரிக்க வேண்டும். வலையின் ஒவ்வொரு முடிச்சுக்கும் 5 எண்கள்: திரையில் அது நிற்கும் இடத்துக்கு இரண்டு, மூலப்படத்தில் எந்தப் புள்ளியை எடுப்பது என்பதற்கு இரண்டு, எவ்வளவு வெளிச்சம் என்பதற்கு ஒன்று. அந்த ஐந்தாவது எண் இல்லாவிட்டால் பக்கத்துத் துணி எரியும், தூரத்துத் துணி தூங்கும். தேற்றப்படி போட்ட வலை முதலில் ஒரு கை அகலம் விலகித்தான் விழுந்தது, ஏனென்றால் துணி தேற்றப்படி நிற்கவில்லை. தெற்குப் பக்கம் ஒரு தொப்பை. சாக்பீஸால் 15 பாகைக்கு ஒரு வட்டம் துணியிலேயே வரைந்து, படக்கோடு அதன்மேல் விழும்வரை மூன்று நாள் எண்களை நகர்த்தினேன். மூன்றாம் வருட மாணவிகள் இருவர் இதில் என்னைவிடப் பொறுமை. அவர்கள் நகர்த்தியதுதான் இன்றும் ஓடுகிறது.

வானம்

டோம் நின்றுவிட்டது, யார் முதலில் வகுப்பெடுப்பது? கணிப்பொறித் துறை வரும் என்று நினைத்தேன். வந்தவர் தமிழ்த்துறை ஐயா. ஓய்வுக்கு ஒன்றரை வருஷம் இருந்தது அவருக்கு. கையில் புறநானூற்று 229ஆம் பாட்டின் நகல். கூடலூர் கிழார், சேரன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறையின் மரணத்தைப் பாடியது. ஓர் இரவில் விண்மீன் ஒன்று எரிந்து விழுகிறது. அரசனுக்கு ஏதோ ஆகப்போகிறது என்று பரிசிலர் அஞ்சுகிறார்கள். ஏழாம் நாள் அவன் இறக்கிறான். அந்த இரவு எப்படி இருந்தது என்று முதல் சில அடிகளில் புலவர் வானத்தை ஒரு சுற்றுச் சுற்றிச் சொல்லிவிடுகிறார்.

"முப்பது வருஷமா இதை நடத்தறேன். பழைய உரையைப் படிச்சு, பலகையில ஒரு கோடு போட்டு, இது உச்சி, இது கிழக்கு, இது மேற்குன்னு சொல்லுவேன். பசங்க எழுதிக்குவாங்க. எனக்கே அது கண்ணுல நின்னதில்ல தம்பி. உங்க கூடாரத்துல அந்த ராத்திரியைக் காட்ட முடியுமா?"

பழைய உரை சொல்வது இது. பங்குனியின் முதல் 15 நாட்களுக்குள், நள்ளிரவு. உச்சியில் நின்ற உத்தரம் சாய்கிறது. அதே நேரம் அதற்கு எட்டாவது மீனான மூலம் எதிரே எழுகிறது. உத்தரத்துக்கு முன்னே போன எட்டாவது மீனான மிருகசீரிடம் மறுபக்கம் இறங்குகிறது. வளைந்த பனை போன்ற அனுடத்தின் அடியிலிருந்து குளம் போன்ற புனர்பூசத்தின் கடைசி மீன்வரை வானம் விளங்கிக்கிடக்கிறது.

ஊர் எது என்பதில் தயங்கினேன். சேரன் தலைநகர் வஞ்சி கரூரா, கேரளக் கரையா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. ஐயா சிரித்தார். இரண்டும் 10, 11 பாகை அகலாங்குதான், வானத்துக்கு அந்த வழக்கில் அக்கறை இல்லை. கரூர் என்று வைத்துக்கொண்டோம். ஆண்டு ஒரு பேச்சுக்கு கி.பி. 150.

மார்ச் 15, நள்ளிரவு என்று தட்டினேன். பங்குனி பிறக்கிற நாள்தானே. டோமில் வானம் எழுந்தது. உத்தரம் உச்சியைத் தாண்டி மேற்கே 20 பாகை போல நழுவிக் கிடந்தது. மிருகசீரிடம் எப்போதோ மறைந்துவிட்டது. மூலம் கிழக்கில் நன்றாகவே ஏறிவிட்டது. புலவர் தப்பாகச் சொல்லியிருப்பாரோ என்று ஒரு கணம் எனக்குத் தோன்றியதை ஐயாவிடம் சொல்லவில்லை.

தப்பு என்னுடையது. பூமியின் அச்சு பம்பரம் தள்ளாடுவதுபோல மெல்லச் சுற்றுகிறது. 72 ஆண்டுக்கு ஏறக்குறைய 1 பாகை. நம் தமிழ் மாதம் சூரியன் நிற்கும் விண்மீன் பின்னணியை வைத்து ஓடுகிறது, ஆங்கில மாதம் பருவத்தை வைத்து ஓடுகிறது. 1,850 ஆண்டில் இரண்டுக்கும் நடுவில் 25 பாகைக்கு மேல் வழுக்கிவிட்டது. அன்றைக்குப் பங்குனி பிப்ரவரி பாதிக்குப் பிறகே பிறந்துவிடும். (ஸ்டெல்லேரியம் 1582 அக்டோபருக்கு முந்தைய தேதிகளை ஜூலியன் கணக்கில் காட்டும் என்பதையும் மனதில் வைக்க வேண்டும், 2ஆம் நூற்றாண்டில் அந்த வித்தியாசம் சிறிது.) பிப்ரவரி 20 என்று மாற்றினேன்.

உத்தரம் தலைக்குமேல், உச்சிக்குச் சற்றே வடக்கில், நடுக்கோட்டில் வந்து நின்றது. தேளின் கொடுக்கான மூலம் தென்கிழக்கு விளிம்பில் அப்போதுதான் தலைகாட்டுகிறது. மிருகசீரிடம் மேற்கு விளிம்பைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. அனுடமும் புனர்பூசமும் இரு கரையிலும். ஐயா தரையில் மல்லாந்து படுத்துவிட்டார், வேட்டியோடு. கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு இடது கையைக் கிழக்கே நீட்டினார், வலது கையை மேற்கே நீட்டினார். "ரெண்டு கையும் எட்டற எடத்துல ஒண்ணு வருது, ஒண்ணு போகுது, நடுவுல ஒண்ணு சாயுது."

தட்டைத் திரையில் இது நடக்காது. எழுவதும் மறைவதும் உச்சியும் ஒரே பார்வையில் வராது. படத்தை இழுத்து இழுத்துத்தான் காட்ட வேண்டும். இழுத்தால் "அதே நேரம்" என்ற சொல் செத்துவிடும். பாட்டின் உயிர் அந்த ஒரே நேரத்தில்தான் இருக்கிறது.

இன்னொன்றும் அன்று தெளிந்தது. பாட்டு கார்த்திகையில் தொடங்குகிறது. அதாவது நிலா அன்று மேட ராசியில், கார்த்திகையின் முதல் காலில். சூரியன் மீனத்தின் முற்பாதியில் என்றால் நிலா அதற்கு 45 முதல் 60 பாகை முன்னே நிற்கும். வளர்பிறை நான்கிலிருந்து ஆறுக்குள். அந்த நிலா இரவு 10 மணி வாக்கில் மறைந்துவிடும். ஆகவேதான் நள்ளிரவு 'ஆர் இருள்'. புலவர் இருட்டை அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை, கணக்குப்படி இருட்டு. இப்படிப் பொருந்தும் இரவு பல ஆண்டுகளில் வரும் என்பதால், இதை வைத்து மன்னன் இறந்த தேதியைக் கண்டுபிடித்துவிட்டதாக யாரும் கிளம்ப வேண்டாம் என்று ஐயா வகுப்பில் கறாராகச் சொன்னார்.

வகுப்பை அவர் நடத்திய விதம்தான் மற்றவர்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பது. டோமுக்குள் விடுவதற்கு முன் எல்லோருக்கும் ஒரு வட்டம் வரைந்த தாள். பாட்டையும் உரையையும் படித்துவிட்டு, எந்த மீன் எங்கே இருக்கும் என்று அவர்களே குறிக்க வேண்டும். பாதிப்பேர் கிழக்கை வலது பக்கம் போட்டிருந்தார்கள், நிலப்படம் மாதிரி. மல்லாந்து வானத்தைப் பார்த்தால், வடக்கு தலைப்பக்கம் இருக்கும்போது கிழக்கு இடது கைக்கு வரும். அதை நான் விளக்கியிருந்தால் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். உள்ளே படுத்த பத்தாவது வினாடியில் "ஐயோ, மாத்திப் போட்டுட்டேன்" என்று குரல்கள்.

விழும் மீனுக்கு நான் ஒன்றும் தயாரிக்கவில்லை. கிழக்கே செல்லாமல், வடக்கே நெருங்காமல் அது விழுந்தது என்கிறது பாட்டு. "அப்ப எங்க விழும்?" என்று ஐயா கேட்க, ஒரு மாணவி கைப்பேசி டார்ச்சை விரலால் பாதி மூடி, உச்சியிலிருந்து தென்மேற்காகச் சரேலென்று இழுத்தாள். பிள்ளைகள் கத்தியே விட்டார்கள். பணம் செலவில்லாத சிறப்புக் காட்சி.

சரியாக அப்போது கரண்ட் போனது.

புரொஜெக்டர் அணைந்தது மட்டுமென்றால் பரவாயில்லை. ஊதுகிற புளோவரும் நின்றது. துணி பெருமூச்சு விட்டுக்கொண்டு மெல்ல எங்கள்மேல் இறங்க ஆரம்பித்தது. 22 பேர் இருட்டில், சாம்பல் கொட்டிக்கொண்டு, ஜிப் எந்தப் பக்கம் என்று தெரியாமல். ஐயாவின் குரல் மட்டும் நிதானமாக வந்தது: "பாட்டுல ஒரு மீன்தான் விழுந்துச்சு. நமக்கு விசும்பே விழுந்துடுச்சு."

அடுத்த வாரமே புளோவருக்கென்று தனி இன்வெர்ட்டர் வாங்கினோம், சைன் வேவ் வகை; சாதாரண வகையில் மோட்டார் முனகிச் சூடாகிறது. ஜிப்பின் இருபுறமும் இருட்டில் ஒளிரும் பட்டை ஒட்டினேன். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். வெட்கமாகத்தான் இருக்கிறது.

சூடு இன்னொரு தலைவலி. சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடல் ஏறக்குறைய 100 வாட் வெப்பம் விடும். 22 பேர் என்றால் இரண்டு ரூம் ஹீட்டரை உள்ளே பூட்டி வைத்ததுபோல. மொத்தக் காற்றே ஏறக்குறைய 50 கன மீட்டர்தான். புளோவர் வாயைப் பக்கத்து ஏ.சி. அறைக்கு ஒரு துணிக்குழாய் போட்டு இழுத்தேன். காற்று உள்ளே வந்தால் போதாது, வெளியேயும் போக வேண்டும். அடிச்சுவரில் இரண்டு கைவிடும் ஓட்டை வைத்ததும்தான் மூச்சு வந்தது. அப்படியும் ஒரு தடவைக்கு 15 நிமிஷத்துக்கு மேல் உள்ளே வைப்பதில்லை.

மற்றத் துறைகள்

புவியியல் ஆசிரியர் ஆர்வம் தாங்காமல் பழனி மலைகளின் மேல் பறக்கும் ஒரு படம் செய்து வந்தார். 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாள் சுற்றி ரேடாரால் அளந்த உயரத் தரவு, ஏறக்குறைய 30 மீட்டர்க்கு ஒரு புள்ளி, இலவசம். படம் அருமை. வளைவில் கேமராவை விமானம் மாதிரி சாய்த்தார். இரண்டாம் வளைவில் ஒரு பையன் வாயைப் பொத்திக்கொண்டு ஜிப்பைத் தேடினான். கண் "பறக்கிறோம்" என்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு "உட்கார்ந்திருக்கிறோம்" என்கிறது. சண்டையில் வயிறு தோற்கிறது. அடிவானம் சாயக்கூடாது, கேமரா நகர்ந்தால் நடைவேகம், இடம் மாற வேண்டுமானால் கறுப்பாக்கி மாற்று. அவர் பறப்பதை விட்டுவிட்டு, பாலக்காட்டுக் கணவாயின் நடுவில் எங்களை நிற்க வைத்தார். வடக்கே நீலகிரிச் சுவர், தெற்கே ஆனைமலைச் சுவர், நடுவில் திறந்த வாசல். நம் ஊரில் ஆடிக் காற்று ஏன் இப்படி அடிக்கிறது என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவேண்டியிருக்கவில்லை.

உயிர்வேதியியல் மேடம் முதலில் ஹீமோகுளோபினைச் சுற்றவிட்டார். வீண். டோமில் இரு கண்ணுக்கு இரு படம் கிடையாது, ஆகவே ஆழம் தெரியாது. வெளியிலிருந்து பார்க்கிற பொருளுக்கு மேசைக்கணினியே மேல். அப்புறம் எலும்பிலும் தோலிலும் இருக்கும் கொலாஜன் புரதத்தை எடுத்தோம். அது சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல் முன்வைத்த முப்புரி. மூன்று சங்கிலிகள் கயிறாக முறுக்கிக்கொள்ளும், ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் என்ற மிகச் சிறிய அமினோ அமிலம். மூலக்கூறுகளை வரைந்து காட்டும் கைமிராஎக்ஸ் மென்பொருளில் டோமுக்கென்றே ஒரு கேமரா வகை உண்டு. அதைக் கயிற்றின் நடு அச்சில் வைத்து மேலே பார்க்க விட்டோம். மூன்று சங்கிலியும் நம்மைச் சுற்றிப் பின்னிக்கொண்டு ஏறுகின்றன. உள்பக்கம் திரும்பியிருப்பது எல்லாம் கிளைசின். ஏன் வேறு எதுவும் இல்லை? இடமில்லை, ஓர் ஒற்றை ஹைட்ரஜனுக்குத்தான் இடம். நாங்கள் எடுத்த 1சிஏஜி என்ற கட்டமைப்பில் சங்கிலிக்கு 30 அமினோ அமிலம், நடுவில் ஒரு கிளைசினுக்குப் பதில் அலனின். அங்கே கயிறு உப்பியிருக்கிறது. எலும்பு எளிதில் முறியும் பிறவி நோய்க்கு இதே மாதிரி மாற்றம் காரணமாவதை மேடம் அந்த உப்பலுக்குக் கீழே நின்றே சொன்னார்.

வரலாற்றுத் துறையில் சறுக்கியது நான். பக்கத்து ஊர்க் காட்டில் கிடக்கும் ஒரு நடுகல்லைக் கைப்பேசியால் 140 படம் எடுத்து, படங்களைச் சேர்த்து உருவம் கட்டும் மெஷ்ரூம் மென்பொருளில் ராத்திரி முழுக்க ஓடவிட்டு முப்பரிமாணமாக்கி, பெருமையாக டோமில் போட்டேன். மூன்று ஆள் உயரக் கல், வளைந்து, மங்கலாக. எழுத்து ஒன்றும் தெரியவில்லை. வரலாற்று ஆசிரியர் அதே மாதிரியை மடிக்கணினியில் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் திறந்து, ஒளியைக் கல்லின் விளிம்போடு ஒட்டிச் சாய்த்தார். பள்ளங்களில் நிழல் விழுந்ததும் இரண்டு வரி துலங்கியது. வெயில் சாய்ந்தபின் கல்வெட்டு படிக்கிற பழைய வித்தைதான். கல் ஒரு பக்கம் மட்டும் இருக்கிற பொருள். அதற்கு என் கூடாரம் தேவையில்லை. வணிகவியல் துறை கேட்ட வட்ட விளக்கப்படத்தையும் இந்தக் காரணத்தைச் சொல்லியே தட்டிக்கழித்தேன், கொஞ்சம் மனத்தாங்கல்.

கடைசியாக வந்தது கணிதத்துறை மேடம். "புரொஜெக்டரை ஆஃப் பண்ணிடுங்க சார், லைட்டைப் போடுங்க" என்றார். பையிலிருந்து சிவப்பு ஊல் உருண்டையும் டேப்பும் எடுத்தார். உச்சியிலிருந்து அரைக்கோளம் முடியும் விளிம்பு வரை துணியோடு ஒட்டி ஒரு நூல். அங்கிருந்து கால் வட்டம் தள்ளி இன்னொன்று. விளிம்போடு மூன்றாவது. முக்கோணம். மூன்று மூலையிலும் பாகைமானியை வைக்கச் சொன்னார். 90, 90, 90. பிள்ளைகள் பாகைமானியை மாற்றி வைத்துப் பார்த்தார்கள், தெற்குத் தொப்பைப் பக்கம் 93 என்று ஒருவன் சண்டை போட்டான். அடுத்து சின்ன முக்கோணம் ஒட்டி, கூட்டுத்தொகை 180ஐ நோக்கி இறங்குவதைக் காட்டினார். என் 15 நிமிஷக் கணக்கை மீறி ஒரு மணி நேரம் ஓடியது. புரொஜெக்டர் அணைந்திருந்ததாலோ என்னவோ யாருக்கும் வேர்க்கவில்லை.

நூலை எடுத்தபோது டேப்பின் பசை துணியில் தங்கிவிட்டது. உத்தரம் வந்து நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் இப்போது ஒரு பழுப்பு மீன் இருக்கிறது. தின்னர் போட்டால் பெயிண்டும் சேர்ந்து வந்துவிடும் என்கிறார் தையல்கார அண்ணன். அப்படியே விட்டிருக்கிறேன். போன வாரம் வந்த முதலாண்டுப் பிள்ளைகளில் ஒருத்தி அதன் பெயரைக் கேட்டாள்.